ஆணியும் நாரும்: கவிபலகைக் கலங்களின் பிணைப்பு வரலாறு

கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாயையும் துடுப்பையும், அவை சென்ற தூரத்தையும் சுமந்த பண்டத்தையும் பற்றியே பேசுவர். பலகையைப் பலகையோடு பிணைத்தது யாது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. ஆயினும் கடலிடத்து ஒரு கலத்தைக் கலமாக வைத்திருப்பது அப்பிணைப்பேயாம். பலகை எத்துணை வலியதாயினும் பிணைப்பு விட்டவிடத்து அது மிதக்கும் மரத்துண்டாகவே எஞ்சும்.

இப்பிணைப்பு முறைகளை ஓர் ஏணியின் படிகளாக வைத்துக் காணும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நாரினால் தைத்தல் கீழ்ப்படி. மர ஆணி இடைப்படி. இரும்பாணி மேற்படி என்பது அவ்வழக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தமது பயணநூலிலே மார்க்கோ போலோ, ஓர்முசுத் துறையில் தாம் கண்ட கலங்கள் இரும்பாணி இன்றித் தென்னந்தும்புக் கயிற்றினால் தைக்கப்பட்டிருந்தன என்றும், அதனால் அவை மிகவும் இடருடையன என்றும் குறித்தார். அவர்க்குப் பின்வந்தோர் பலர் இக்குறிப்பைக் கொண்டு, தைத்த கலத்தையுடைய மக்கள் தொழிலறிவிற் பின்தங்கியோர் என முடிவு கட்டினர். இந்துமாகடற் கரைகளில் வாழும் நம்மனோர்க்கும் இம்முடிபு உரியதாயிற்று.

இம்முடிபு பொருந்துமோ எனச் சோதித்தற்கு ஏற்ற களம் வட ஐரோப்பாவாகும். ஆங்கே கவிபலகைக் கலம் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கலங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டப்பட்டு வந்துள்ளன. அவற்றிலே நாரும் மர ஆணியும் இரும்பாணியும் ஆகிய மூன்றும் பயின்றுள்ளன. சேற்றிலும் மண்மேட்டிலும் புதையுண்டு கிடந்த அக்கலங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, ஆண்டுக் கணக்கும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆதலின் ஏணி உண்மையா அன்றா என்பதற்கு அவையே சான்று பகர வல்லன.

கவிபலகைக் கலத்தின் இயல்பு

வீட்டுக்கூரையில் ஓடுகளை அடுக்கும்போது மேலோட்டின் விளிம்பு கீழோட்டின் விளிம்பைக் கவிந்து நிற்றலைக் காண்கிறோம். அவ்வாறே கலத்தின் பக்கப் பலகைகள், மேற்பலகை கீழ்ப்பலகையை இரண்டு மூன்று விரற்கடை கவியும்படி அடுக்கப்படுவது கவிபலகை முறை. பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி வழவழப்பான பக்கமாக அமைவது நேர்பலகை முறை.

இவ்விரண்டுக்கும் தோற்றத்திலன்றிக் கட்டும் ஒழுங்கிலும் வேறுபாடு உண்டு. பிற்கால நேர்பலகைக் கப்பலில் ஏராவும் விலாச்சட்டங்களும் முதலில் நிறுத்தப்பட்டு, அவற்றின்மேற் பலகை போர்த்தப்படும். கவிபலகைக் கலத்திலோ ஏராவும் அணியங்களும் நிறுத்தியவுடன் பலகைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு ஓடு உருவாகும். விலாச்சட்டம் பின்னரே உள்ளே பொருத்தப்படும். ஆகவே கலத்தின் வலிமை பெரும்பாலும் அதன் ஓட்டிலேயே தங்கியுள்ளது.

இதனால் கவிபலகைக் கலத்தில் இருவகைப் பிணைப்புகள் உள. ஒன்று பலகையைப் பலகையோடு சேர்ப்பது. மற்றது பலகையை விலாச்சட்டத்தோடு சேர்ப்பது. முன்னது நீரை உள்ளே விடாது இறுக்கமாக இருத்தல் வேண்டும். பின்னது வலிமையைக் கொடுத்தல் வேண்டும். ஆயினும் அலையிலே ஓடு அசைய இடங்கொடுத்தலும் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொண்டாற் பின்வருவன எளிதில் விளங்கும்.

நாரினால் தைத்த கலம்

டென்மார்க்கின் ஆல்சு என்னும் தீவிலுள்ள யோட்சுபிரிங்குச் சதுப்பில் 1921, 1922 ஆம் ஆண்டுகளில் ஒரு பழங்கலம் தோண்டி எடுக்கப்பட்டது. அது கி.மு. நான்காம் நூற்றாண்டளவினது. ஏறத்தாழ 19 மீற்றர் நீளமும், இருபதுக்கு மேற்பட்ட வீரர் துடுப்பு வலிக்கத்தக்க இடமும் உடையது. லிண்டன் மரத்து மெல்லிய பலகைகள் ஒன்றையொன்று கவிந்து நிற்க, அவை நார்க்கயிற்றினால் தைக்கப்பட்டிருந்தன. கலம் முழுவதிலும் உலோகத் துண்டு ஒன்றேனும் இல்லை.

இவ்வளவில் நிறுத்தினால் ஏணிக் கொள்கைக்கு இக்கலம் நற்சான்றாகும். ஆனால் அதனோடு சதுப்பிற் கிடந்த பொருள்களையும் நோக்கல் வேண்டும். தோற்ற படையொன்றின் கருவிகள் தெய்வத்துக்குக் காணிக்கையாக அக்கலத்தோடு இடப்பட்டிருந்தன. அவற்றுள் இரும்பு முனை கொண்ட ஈட்டிகள் நூற்றுக்கு மேற்பட்டன. இரும்பு வாள்களும் இருந்தன. எனவே அம்மக்கள் இரும்பை உருக்கவும் அடிக்கவும் அறிந்தவரே. இரும்பைக் கையிலேந்திச் சென்ற வீரர், இரும்பு இல்லாத கலத்தில் ஏறிச் சென்றனர். மெல்லிய பலகையும் குறைந்த பாரமும் உடைய விரைவுக் கலத்துக்கு நாரே போதும் என்று கொண்டனர் போலும்.

தறையாணியின் வருகை

ஆல்சுத் தீவுக்கு அண்மையிலே பெருநிலத்தில் உள்ள நைடம் சதுப்பில், 1863 ஆம் ஆண்டில் கொன்ராட் எங்கெல்ஆர்ட் என்பார் ஓக்கு மரக் கலம் ஒன்றை வெளிப்படுத்தினார். ஏறத்தாழ 23 மீற்றர் நீளமுடைய அது கி.பி. நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்டது. பக்கத்துக்கு ஐந்து பலகைகள். அவை இரும்புத் தறையாணிகளாற் பிணைக்கப்பட்டுள்ளன.

தறையாணி அறையும் முறை அன்று தொட்டு இன்று வரை பெரிதும் மாறவில்லை. கவிந்து நிற்கும் இரு பலகைகளினூடும் துளையிட்டு, வெளிப்புறமிருந்து ஆணி உட்செலுத்தப்படும். இடையிலே தார் தோய்ந்த கம்பளி அல்லது விலங்கு மயிர் வைக்கப்படும். உட்புறம் வந்த கூரிலே துளையுள்ள சிறு இரும்பு வில்லையை மாட்டி, மிகுந்த முனையை வெட்டி, எஞ்சியதைத் தட்டிப் பரப்புவர். வெளியே ஒருவர் ஆணித்தலையைக் கனத்த இரும்பினால் தாங்கிப் பிடிக்க, உள்ளே மற்றவர் தட்டுவார். இவ்வாறு தலைக்கும் வில்லைக்கும் இடையே இரு பலகைகளும் நெருக்குண்டு நிற்கும்.

இவ்வாணிகளின் நிலைபேற்றுக்கு இங்கிலாந்தின் சட்டன் ஊ என்னுமிடத்து அகழ்வு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1939 ஆம் ஆண்டில் பசில் பிரவுண் என்பார் ஆங்கொரு மண்மேட்டைத் தோண்டியபோது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புதைக்கப்பட்ட 27 மீற்றர்க் கலமொன்றின் சுவடு தோன்றியது. மரம் முழுவதும் மணலோடு மணலாய்ப் போயிற்று. துருவேறிய ஆணிகள் மட்டும் தத்தம் இடங்களிலே வரிசை பிறழாது நின்றன. அவற்றைக் கொண்டே கலத்தின் நீளத்தையும் வளைவையும் பலகைகளின் எண்ணையும் கணித்தனர்.

இங்கு ஒன்று கூறல் தகும். ஆணியறைந்த கலம் மண்ணில் தன் சுவட்டை விட்டுச் செல்லும். தைத்த கலமோ மரமும் நாரும் ஒருங்கே அழிய, சுவடின்றி மறையும். வெப்பமும் ஈரமும் மிக்க கரைகளில் இது பின்னும் விரைந்து நிகழும். பழங்கலங்கள் கிடைத்திலாமையைக் கொண்டு ஒரு கடலின் தொழிற்றிறனை அளத்தல் இக்காரணத்தால் நேர்மையன்று.

ஒரே கலத்தில் இரு முறைகள்

தறையாணி வந்தபின் நார் மறைந்ததோ எனின், மறைந்திலது. நைடம் கலத்திலேயே விலாச்சட்டங்கள் பலகைகளோடு கயிற்றினாற் கட்டப்பட்டிருந்தன. பலகையைச் செதுக்கும்போதே ஆங்காங்கு மரக்குமிழ்களை விட்டுச் செதுக்கி, அவற்றிலே துளையிட்டு, விலாச்சட்டத்தை அவற்றோடு பிணைத்தனர்.

இம்முறை வைக்கிங்கரின் புகழ்பெற்ற கலங்களிலும் தொடர்ந்தது. நோர்வேயில் 1904 ஆம் ஆண்டில் அகழப்பட்ட ஓசபேர்க்குக் கலம் கி.பி. 820 அளவிற் கட்டப்பட்டு, 834 இல் புதைக்கப்பட்டது என்பது மரவளையங்களால் அறியப்பட்டுள்ளது. அதன் பலகைகள் ஒன்றோடொன்று இரும்புத் தறையாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன. நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள விலாச்சட்டங்களோ திமிங்கிலத்தின் வாய்த்தகட்டினின்று எடுத்த நாடாக்களாற் கட்டப்பட்டுள்ளன. 1880 ஆம் ஆண்டில் நிக்கொலாய் நிக்கொலாய்சன் அகழ்ந்த கொக்சுட்டாட்டுக் கலத்திலே, பக்கத்துக்குப் பதினாறு பலகைகள் தறையாணியால் இணைந்து நிற்க, விலாச்சட்டங்களின் கட்டுக்கு மெல்லிய மரவேர்கள் பயன்பட்டன.

இரும்பு வேண்டிய அளவு கிடைத்த கொல்லர், விலாச்சட்டத்துக்கும் ஆணியறையாது விட்டமை ஏன்? விடையை 1893 ஆம் ஆண்டின் கடற்பயணமொன்று காட்டிற்று. கொக்சுட்டாட்டுக் கலத்தை மாதிரியாகக் கொண்டு கட்டிய ‘வைக்கிங்’ என்னும் கலத்தைக் கப்பற்றலைவர் மக்னசு அண்டர்சன் நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்குச் செலுத்தி, ஏறத்தாழ நான்கு வாரத்தில் அத்திலாந்திக்கைக் கடந்தார். கடும் அலையிலே கலத்தின் மேல்விளிம்பு ஆறங்குலம் வரை திருகியும், அடிப்பாகம் முக்காலங்குலம் வரை உயர்ந்து தாழ்ந்தும் நின்றதாயினும், கலம் நீர் புகாது இருந்தது என அவர் எழுதினார். வளைந்து கொடுத்தலே அதன் வலிமை. இறுக்கம் வேண்டிய இடத்தில் இரும்பையும், நெகிழ்ச்சி வேண்டிய இடத்தில் வேரையும் வைத்த தச்சர், இரண்டின் குணத்தையும் நன்கறிந்தவராவர்.

பிற்காலத்தில் இக்கட்டுகள் நீங்கியமைக்கும் காரணம் உண்டு. குமிழ்களை விட்டுப் பலகை செதுக்க வேண்டுமாயின் தடித்த மரத்தின் பெரும்பகுதி சீவலாகிக் கழியும். டென்மார்க்கின் உரொசுக்கிலடேக் கழியில் 1962 ஆம் ஆண்டில் மீட்கப்பட்ட பதினோராம் நூற்றாண்டுக் கலங்கள் ஐந்திலும் குமிழ்கள் இல்லை; விலாச்சட்டங்கள் மர ஆணிகளால் அறையப்பட்டுள்ளன. அவ்வைந்தனுள் நெடிய போர்க்கலம் 1042 ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் டப்பிளினிற் கட்டப்பட்டது. அதனைப் பின்பற்றிக் கட்டிய கலம் 2007 ஆம் ஆண்டில் உரொசுக்கிலடேயிலிருந்து டப்பிளினுக்குப் பாய்விரித்துச் சென்று, மறு ஆண்டு மீண்டது.

மர ஆணியைத் தேர்ந்தோர்

பால்டிக்குக் கடலின் வடகரையில் தறையாணி வழங்கிய அதே நூற்றாண்டுகளில், தென்கரையில் வாழ்ந்த சிலாவியர் கவிபலகைகளைச் சிறு மர ஆணிகளால் இணைத்தனர். இடையிலே மயிருக்குப் பதிலாகப் பாசியை அடைத்தனர். யேர்மனியின் உரூகன் தீவிலுள்ள இரால்சுவீக்கு என்னுமிடத்திற் கிடைத்த கலங்கள் இவ்வகையின. எதிர்க்கரையாரோடு வணிகமும் போரும் நடத்திய இம்மக்கள் தறையாணியைக் கண்டிலர் என்றல் பொருந்தாது. மர ஆணி துருப்பிடிக்காது. நீரில் ஊறிப் பருத்துத் துளையை நிறைக்கும். கொல்லன் உலையின்றிக் கத்தி ஒன்றினாலே செய்து கொள்ளலாம். அதன் குறை, தறையாணியைப் போன்று பலகைகளை நெருக்கிப் பிடிக்கும் ஆற்றல் இன்மை. அக்குறையை ஊறிப் புடைக்கும் பாசி ஓரளவு நிறைவு செய்தது.

வடகோடியிலே தைத்த கலமும் அழியவில்லை. ஐசுலாந்தின் வரலாற்றாசிரியர் சுனோரி சுதுர்லுசன் தமது அரசர் வரலாற்றில் ஒரு செய்தி தருகிறார். 1138 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், நோர்வேயின் அரியணைக்குப் போட்டியிட்ட சிகுர்டு சிலெம்பே வடக்கே ஒதுங்கியிருந்தபோது, சாமி இனத்து மக்கள் அவருக்கு இரு கலங்கள் கட்டிக் கொடுத்தனர். ஆணியின்றி விலங்கு நரம்பினால் தைக்கப்பட்ட அவை, பக்கத்துக்குப் பன்னிருவர் துடுப்பு வலிக்கத்தக்கனவாய், பிற கலங்கள் தொடர்ந்து பிடிக்கவொண்ணா விரைவுடையனவாய் இருந்தன. தறையாணிக் கலங்களின் தாயகத்திலேயே ஓர் அரசுரிமையாளர் தைத்த கலத்தை நம்பி ஏறினார் என்பது ஏணிக் கொள்கையினர் கருதத்தக்கது.

பெருங்கலங்களும் ஆணியின் எல்லையும்

இடைக்காலத்தில் வணிகம் பெருகக் கலங்களும் பருத்தன. 1962 ஆம் ஆண்டில் யேர்மனியின் பிறேமன் நகருக்கருகே வேசர் ஆற்றிற் கண்டெடுத்த ‘கொக்’ என்னும் வகைக் கலம் 1380 அளவினது. அதன் தடித்த பக்கப் பலகைகளுக்கு வில்லையுள்ள தறையாணி பயன்படவில்லை. உட்புறம் வந்த ஆணி முனையை இருமுறை மடித்து மரத்துக்குள்ளேயே திரும்ப அறைந்துள்ளனர்.

இங்கிலாந்தரசர் ஐந்தாம் என்றியின் ‘கிறேசு டியூ’ என்னும் போர்க்கப்பல் 1418 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. கவிபலகை முறையிலே அத்துணைப் பெரிய உடலை நிலைநிறுத்தும் பொருட்டு மூன்றடுக்குப் பலகைகளை ஒருங்கே ஆணியறைந்தனர். அக்கப்பல் போரிற் பெரும்பணி ஆற்றாது, 1439 ஆம் ஆண்டில் இடிவிழுந்து எரிந்தது. கலம் பெருகுந்தோறும் இரும்பும் மரமும் உழைப்பும் அளவு கடந்து வேண்டப்பட்டன. பக்கங்களிலே பீரங்கி வாயில் வெட்ட வேண்டிய காலமும் வந்தது. ஓட்டையே வலிமையாகக் கொண்ட கலத்தில் அவ்வாறு வெட்டுதல் தீது. பதினைந்தாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் நேர்பலகை முறை வடக்கே பரவியமைக்கு இவை காரணங்கள். கவிபலகைமுறை மீன்படகுகளிலும் கப்பற் சிறுபடகுகளிலும் நிலைத்தது.

இரும்பாணிக்கும் நோய் உண்டு. ஓக்கு மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் உப்புநீரும் சேர்ந்து ஆணியை அரிக்க, அதனைச் சூழ்ந்த மரம் கறுத்து மெலியும். நாகம் பூசுதல் இதனைத் தாமதிக்குமேயன்றித் தடுக்காது. இதனாற் சிறு படகுகளில் செப்பாணியும் செப்பு வில்லையும் வழக்கிற்கு வந்தன. செம்போடு இரும்பைக் கலத்தல் ஆகாது என்பதைப் பிரித்தானியக் கடற்படை பட்டறிந்தது. 1761 ஆம் ஆண்டில் ‘அலாம்’ என்னும் கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு போர்த்தனர். சில ஆண்டுகளிற் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரிப்புண்டு கிடந்தன.

நம் கடலின் வழக்கு

இனி, தொடக்கத்திற் கூறிய வழக்குக்கு வருவோம். இந்துமாகடலிற் கலங்களைத் தைத்தமைக்கு இரு காரணங்கள் பண்டு சொல்லப்பட்டன. கடலடிக் காந்தமலைகள் இரும்பாணியைப் பறித்துவிடும் என்பது ஒன்று. போச மன்னன் பெயரால் வழங்கும் யுத்திகல்பதரு என்னும் வடநூலும் இவ்வச்சம் பற்றிக் கடற்கலத்துக்கு இரும்பை விலக்குகின்றது. ஆறாம் நூற்றாண்டினரான புரொக்கோப்பியசு இதனை மறுத்து, இரும்பு மிக்க உரோமக் கப்பல்கள் செங்கடலில் இடரின்றிச் செல்வதைச் சுட்டினார். ஆனால் அவர் தாம் கூறிய காரணம், இந்தியரிடத்து இரும்பு இல்லை என்பது.

அக்கூற்றும் நிலைபெறாது. அவர் காலத்துக்கு முன்னரே தில்லி இரும்புத்தூண் எழுந்துவிட்டது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளினிடையே இரும்புக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஈழத்தின் சமனலவாவிப் பகுதியிலே பருவக்காற்றின் விசையினால் எரிந்த உலைகளில், ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை உயர்தர உருக்கு செய்யப்பட்டமையை அகழ்வாராய்ச்சி நிறுவியுள்ளது. இரும்பு இருந்தும் நாரைத் தேர்ந்தமைக்குக் கரையின் இயல்பையும் நோக்கல் வேண்டும். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைகள் அரிய. துறைமுகம் எழுவதற்கு முன், சென்னையில் இறங்கிய ஐரோப்பியர் தம் கப்பற் சிறுபடகுகளை விட்டு, விலாச்சட்டமின்றித் தும்புக்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளிலேயே கரைசேர்ந்தனர். திரையெறிந்து மணலில் மோதும்போது ஆணியறைந்த படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். யோட்சுபிரிங்குத் தச்சர் அறிந்ததும், கொக்சுட்டாட்டுத் தச்சர் வேரினாற் கட்டியமையாற் பெற்றதும் இந்நெகிழ்ச்சியே.

நெடுங்கடலுக்கும் அது உதவியது. இந்தோனேசியாவின் பெலித்துங்குத் தீவருகே 1998 ஆம் ஆண்டிற் கண்டறிந்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம், சீனத்து மட்கலங்கள் ஏறத்தாழ அறுபதினாயிரத்தைச் சுமந்திருந்தது. அக்கலமும் தைக்கப்பட்டதே. அதனைப் பின்பற்றி ஓமானிற் கட்டிய ‘மசுக்கட்டின் மணி’ 2010 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வரை பாய்விரித்துச் சென்றது.

எனினும் மார்க்கோ போலோ கூறியது முற்றும் பொய்யென்றல் ஆகாது. தைத்த கலத்தில் தையல் தளரும், நீர் கசியும், தையலைக் காலந்தோறும் புதுக்க வேண்டும். பீரங்கி ஏற்றும் காலம் வந்தபோது நம் கடலிலும் ஆணி மேலோங்கிற்று. அவர் பிழை, குறையைக் கண்டது அன்று. ஒரு பக்கத்துக் குறையை மட்டும் கண்டதே.

இன்றைய தச்சர் முன்னுள்ள வினா

டென்மார்க்கு, பின்லாந்து, ஐசுலாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளின் கவிபலகைப் படகுமரபை 2021 ஆம் ஆண்டில் யுனெசுக்கோ தனது மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பல நாடுகளில் மக்கள் தம் வீட்டு முற்றத்தில் இத்தகைய சிறுபடகுகளைக் கட்டுகின்றனர். அவர்க்குப் பழைய வினாவே புதிய வடிவில் நிற்கின்றது. செப்பாணி அறைந்த படகு நெகிழும். பழுதான பலகையை ஆணி களைந்து மாற்றலாம். ஆனால் உலர்ந்து கிடந்தால் இணைப்பு விரிந்து, மீண்டும் நீரில் ஊறும் வரை கசியும். ஒட்டுப்பலகையை எப்பொக்சிப் பசையால் ஒட்டிய படகு எத்துணை நாள் உலர்ந்து கிடப்பினும் கசியாது. ஆனால் இணைப்பைக் குலைக்காது ஒரு பலகையைத் தனியே கழற்றல் அரிது. முன்னதை நீரிலேயே வைத்திருப்போனும், பின்னதை வண்டியிலேற்றிக் கொண்டு செல்வோனும் தேர்ந்தால், இருவர் தேர்வும் தக்கதே.

எம்மரம், எக்கரை, எப்பணி, பழுதுற்றபோது யார் கையால் எக்கருவி கொண்டு திருத்துவது என்னும் நான்கையும் கேட்ட பின்னரே ஒரு பிணைப்பை நன்றென்றும் தீதென்றும் சொல்லலாம். சதுப்பிலும் மணலிலும் கிடந்த கலங்கள் நமக்குக் கற்பிப்பது இது. தைத்தலும் மர ஆணியும் தறையாணியும் ஒரே காலத்தில், ஒரே கடலில், சிலவேளை ஒரே கலத்திலும் நின்றன. அவற்றை ஒன்றன்மேலொன்றாக ஏணிப்படியாக்கி, அவற்றைக் கையாண்ட மக்களையும் அப்படிகளில் நிறுத்துதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. நம் கடலின் கலங்களை ஆராயப் புகும் மாணாக்கர், அவற்றில் ஆணி இல்லை என்பதனை ஒரு குறையாக எழுதுமுன், அங்கு நார் ஏன் இருந்தது என்பதனை வினவுவாராக.